தண்ணிய வளைச்சது நான்தான் சார்

கையெழுத்து போட மாட்டேன் சார். இல்ல, பேனா நல்லாத்தான் எழுதுது, மையெல்லாம் இருக்கு. நாந்தான் எழுத மாட்டேங்கேன். லெட்டர ரெண்டு தடவ வாசிச்சிட்டேன். மொத வரி சரி. பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு மாணவி முத்துசெல்வி ஆகிய நான் தலைமையாசிரியர் குரலில் பெயிண்டரிடம் போனில் பேசி ஏமாற்றினேன். அதுக்கு கையெழுத்து என்ன, பத்து விரல் ரேகையும் வைக்கேன். ரெண்டாவது வரிதான் சார் இடிக்கி. மேற்படி செயலை வேதியியல் ஆசிரியை நூர்நிஷா அவர்களின் தூண்டுதலின் பேரில் செய்தேன். இத எந்த வாய் சார் சொல்லும்? எங்கிட்ட இருவது வாய் இருக்கு. ஒண்ணுகூடச் சொல்லாது.

டீசி குடுப்பேங்கிய. குடுங்க. அச்சன்புதூர்லருந்து பஸ் ஏறி வாறவதான நான், இந்த ஸ்டாப்புக்குப் பதிலா ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கிக்கிடுதேன், தென்காசில வேற பள்ளிக்கூடமா இல்ல. ஆனா மிஸ்ஸு நிர்வாகம் போட்ட டீச்சர். அவியள வீட்டுக்கு அனுப்ப உங்களுக்கு ஒரு தாள் போதும். அந்தத் தாளு என் கையெழுத்தோட போகாது.

உக்காரவா? சரி சார். நீங்களும் உக்காருங்க. லேப் தொறக்க வாற பேராசிரியர் அம்மா இன்னும் ஆலங்குளமே தாண்டலையாம், இப்பத்தான போன்ல சொன்னாவ, எனக்கும்தான் கேட்டுது. ரிப்பன் வெட்ட இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

மிஸ்ஸு மாட்டணும்னு லெட்டர எழுதிட்டு, அதுல உள்ள மொத வரிய இன்னுமா சார் நம்பல? காலைல ஒம்பதேகாலுக்கு வந்து நான்தான் நான்தான்னு சொல்லுதேன், சும்மா எவனையோ காப்பாத்த வந்திருக்கா இவன்னு சொல்லுதிய. பொம்பளப் பிள்ளைக்கி எப்படி ஆம்பளக் குரல் வரும்னு கேக்கிய. அதனாலதான சார் திங்கக்கெழம நாலு பயல்வள வெயில்ல நிறுத்திட்டிய. பீட்டி மாஸ்டர் எபனேசர் சார் ஊதல வாயில வச்சிக்கிட்டு, ஏ மேன், ஸ்டாண்ட் ஸ்ட்ரெய்ட் மேன், ஒவ்வொருத்தனா சொல்லு மேன், ஹலோ நல்லதம்பியா, சொல்லு மேன், லவுடர் மேன். அவன்வளும் சொல்லுதான். ஒருத்தனுக்கு கீச்சுன்னு வருது, ஒருத்தனுக்கு பயத்துல குரலே வரல. அதுல ஒருத்தனையாவது புடிச்சி முடிச்சிருந்தியன்னா நான் வாயத் தொறக்கணும்னே இல்ல. நீங்க அவன்வள விட்டுட்டு மிஸ்ஸுதான் பண்ண வச்சிருக்கணும்னு போயிட்டிய.

சரி, கேட்டுக்கிடுங்க.

க்ஹும். க்ஹ்ஹும். அதாகப்பட்டது, நல்லதம்பி, வரலாறு என்ன சொல்லுதுன்னா...

பாத்தியளா, திரும்பிப் பாக்கிய! பின்னால யாரும் இல்ல சார். இது ஒங்க குரல், வாய்தான் என்னுது. இதே தொண்டக் கமறல்தான் சனிக்கெழம பள்ளிக்கூட போன்ல போச்சி. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் வைக்க வந்தேன், ஆபீஸ்ல யாருமில்ல. அந்தப் பக்கம் பெயிண்டர் நல்லதம்பி அண்ணாச்சி வாய் நெறைய வெத்தல. ஆங், ஜொல்லுங்க ஜார். வளைக்கணுமா ஜார்? நீங்கதான நேராக்கச் ஜொன்னிய? எந்தப் பக்கம் ஜார் வளைக்க, மேலயா கீழயா?

சிரிச்சிட்டியளே சார். இல்ல, சிரிச்சிய, மீச ஆடிச்சி.

எபனேசர் சாரா? இன்னொருக்கவா? போதும் சார், அவிய கிரவுண்டுல நிக்காவ, கேட்டா ஓடி வந்துருவாவ. ஏ மேன்! ஹூ இஸ் த மேன்! அம்புட்டுத்தான். இன்னிக்கி இருப்பு தீந்துட்டு.

முதல்லருந்து சொல்லணுமா? ரெக்கார்டுக்கா. சரி, சொல்லுதேன். அப்பத்தான் அந்த ரெண்டாவது வரி எவ்வளவு பெரிய பொய்யின்னு உங்களுக்கே தெரியும்.

புது லேப் கட்டி முடிச்சாச்சி. வாசலுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளச் செவுரு சும்மா கெடக்கேன்னு, ஏதாவது வேதியியல் படம் வரைங்க டீச்சர்னு மிஸ்ஸுட்ட சொன்னது நீங்க. மிஸ்ஸு கிராப் தாள்ல அளந்து, கோணமானி வச்சி, ரெண்டு படம் போட்டுக் குடுத்தாவ. இடது பக்கம் கரியமில வாயு. நடுவுல கார்பன், ரெண்டு பக்கமும் ஆக்சிஜன், கம்பு மாதிரி நேரா. வலது பக்கம் தண்ணி. நடுவுல ஆக்சிஜன், கீழ ரெண்டு ஹைட்ரஜனும் இந்தா இப்படி, கவட்டை மாதிரி வளைஞ்சி. நல்லதம்பி அண்ணாச்சி பென்சில்ல கோடு போட்டு, ஆக்சிஜனுக்கு சிவப்பு அடிக்க ஆரம்பிச்சாச்சி. அப்பதான் நீங்க வந்திய. கைய பின்னால கட்டிக்கிட்டு தலையச் சாச்சி சாச்சிப் பாத்திய.

க்ஹும். அதாகப்பட்டது, இது ஏன் கோணலா இருக்கு? வாசல்னா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும்லா. விழாவுக்கு வாழ மரம் கட்டுதோம், ஒரு பக்கம் நேரா ஒரு பக்கம் வளைச்சா கட்டுதோம்? கோயில்ல துவாரபாலகர் ரெண்டு பேரும் ஒரே உயரம் ஒரே கம்பீரம். நேராக்குவே அத.

அண்ணாச்சியும் மட்டக் கம்பு வச்சி நேராக்கிட்டாவ. ஓரத்துல ஒரு தோரணம் வேற போட்டாவ, அது அவிய சொந்தக் கற்பன.

மிஸ்ஸு வந்து பாத்துட்டு என்ன சொன்னாவ? கத்துனாவளா? உங்களுக்கே தெரியும். சார், கரியமில வாயு நேராத்தான் சார் இருக்கும், தண்ணி வளைஞ்சுதான் சார் இருக்கும், ரெண்டையும் ஒண்ணு போல ஆக்கக் கூடாது சார். அம்புட்டுத்தான். அவிய குரல் இப்படித்தான், பஞ்சு மாதிரி. அதுக்கு, வேலையாட்கள் முன்னால தலைமையாசிரியர எதுத்துப் பேசினதுக்கு விளக்கம் கேட்டு மெமோ. அந்த மெமோ தாளத்தான் நான் பியூன் அண்ணன் கையில பாத்தேன். சனிக்கெழம போன் போட்டேன். ஞாயித்துக்கெழம அண்ணாச்சி வளைச்சாவ. திங்கக்கெழம நீங்க பாத்திய. இது டீச்சர் வேலதான்னு அவியளுக்கு ரெண்டாவது மெமோ. விளக்கம் குடுக்குற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம்னு நேத்து சொல்லிட்டிய. நடந்தது இதுதான? இதுல தூண்டுதல் எங்கன இருக்கு? மிஸ்ஸுக்கு நான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது சார்.

படம்தான, யார் பாக்கப் போறாங்கிய.

சார், நீங்க தெனமும் விடியக்காலம் பழைய குத்தாலத்துல குளிச்சிட்டு வாறவிய. எங்க அம்மா ஐந்தருவி போற வழியில ரம்புட்டான் மங்குஸ்தான் விக்கிறவ. அந்த அருவில விழுறது என்ன? தண்ணிதான? தண்ணி வளைஞ்சிருக்குறதுனாலதான் சார் அதுக்கு ஒரு பக்கம் பிளஸ்ஸு ஒரு பக்கம் மைனஸ்ஸு. அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு தண்ணியா கெடக்கு. நீங்க செவுத்துல வரைஞ்ச மாதிரி நேரா நின்னுச்சின்னு வைங்க, ஒட்டாது. இடது பக்கம் நிக்கிற கரியமில வாயு மாதிரி காத்தாப் பறந்துரும். அப்புறம் அருவி ஏது, சாரல் ஏது, சீசன் ஏது? குத்தாலத்துல வெறும் பாறையப் பாத்துக்கிட்டு எண்ணெய் தேய்ச்சி நிக்க வேண்டியதுதான். மைக்ல போலீஸ்காரவிய சொல்லுவாவ. சுற்றுலாப் பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அருவி இன்று காற்றாக விழுவதால் பெண்கள் பகுதியில் நிற்கும் பச்சைச் சட்டைக்காரர் உடனே வெளியே வரவும். ஆண்கள் பகுதியில் யாரும் சோப்பு போட வேண்டாம், கழுவ வழியில்லை.

பாருங்க, திரும்பியும் மீச ஆடுது.

ஏன் வளையணும்னா கேக்கிய? நெசமாவே கேக்கியளா, இல்ல, பதில் தெரியாம முழிப்பான்னு கேக்கியளா? எதுன்னாலும் சரி. மேசையில பலூன் பாக்கெட் இருக்குலா, விழாவுக்கு வாங்குனது, நாலு எடுத்துக்கிடுதேன். இருங்க, ஊதிக்கிடுதேன்.

ஃபூஊ. ஊதும்போது பேச முடியாது சார், கொஞ்சம் பொறுங்க. ஃபூஊ. இதெல்லாம் மட்டமான பலூனு, எவன் வாங்கினான்? ஓ, நீங்களா. நல்ல பலூன் சார்.

ரெண்டு ஆச்சி. இந்தா, வாய ரெண்டையும் சேத்து முடிச்சிப் போடுதேன். நான் ஒண்ணும் செய்யல, அதுவாத்தான் நிக்கிது. எப்படி? இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம், நேரா. ஒண்ண ஒண்ணு முட்டித் தள்ளுதுலா. எலக்ட்ரானும் இப்படித்தான். எல்லாத்துக்கும் ஒரே நெகட்டிவ். ஜோடி ஜோடியாத்தான் அணுவச் சுத்திக் குடியிருக்கும், ஆனா ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடியக் கண்டா ஆகாது. எம்புட்டு தூரம் தள்ளி நிக்க முடியுமோ அம்புட்டு தூரம் தள்ளி நிக்கும். கூட்டம் இல்லாத நாள்ல ஐந்தருவில பாருங்க, நாலு குடும்பம் வந்தா நாலும் நாலு மூலைக்கிப் போயிரும். நம்ம துண்டு அவிய மேல படக் கூடாது, அவிய எண்ணெய் நம்ம மேல படக் கூடாது. இதுக்குப் பேரு இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. இந்தப் பேர ஒரு மூச்சுல சொல்லத் தெரிஞ்சதுனாலதான் மொத மிட்டெர்ம்ல நான் பாஸே ஆனேன். விஷயம் இம்புட்டுத்தான். தள்ளி நில்லு.

கரியமில வாயுல கார்பனச் சுத்தி ரெண்டு பக்கம்தான் ஆள். இந்தா, ரெண்டு பலூன். அதனால அது நேரா. அதுல உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார், நான் ஒத்துக்கிடுதேன்.

இப்ப தண்ணி. தண்ணில ஆக்சிஜனச் சுத்தி நாலு ஜோடி. ரெண்ட நீங்க மறந்துட்டிய. ஃபூஊ. ஃபூஊ. ஆச்சி. இந்த ரெண்டையும் அதோட சேத்து முறுக்கணும். முடிச்ச கொஞ்சம் பிடிங்க சார். ரெண்டு கையாலயும். ஆங், அப்படித்தான். விட்டுராதிய, அவுந்துரும்.

பாருங்க. நீங்க என்ன நெனச்சிய, கூட்டல் குறி மாதிரி தட்டையா நிக்கும்னுதான? தட்டையா நின்னா தொண்ணூறு டிகிரிதான் எடம் கெடைக்கும். அதுக்கு அறிவு இருக்கு சார். ஒண்ணு மேல போயிட்டு, மூணு கீழ கால் பரப்பி நிக்கிது, முக்காலி மேல கொடி வச்ச மாதிரி. எப்படித் திருப்பினாலும் அதே. இப்ப எல்லாத்துக்கும் நூத்தி ஒம்பதரை டிகிரி. இத யாரும் சொல்லிக் குடுக்கல. அதோட அதுக்கு ஆகல, அதனால அதுவே எடம் தேடிக்கிட்டு.

இப்ப ஸ்கெட்ச் பேனா. இந்தப் பலூன்ல ஹைட்ரஜனுக்கு எச்சுன்னு எழுதுதேன். இதுல ஒரு எச்சு. முடிச்சுதான் ஆக்சிஜன், அது உங்க கையில இருக்கு. மிச்சம் ரெண்டு பலூன்ல ஒண்ணும் எழுத மாட்டேன். அதுகதான் தனி ஜோடி. எந்த அணுவும் அதுகள வந்து பிடிச்சிக்கிடல, சும்மா நிக்கிதுக. படம் போடும்போது யாரும் அதுகள வரைய மாட்டாவ. ஆனா தள்ளுறது யாரு? அதுகதான். எச்சு ரெண்டையும் மட்டும் பாருங்க, மத்தத இல்லன்னு வச்சிக்கிடுங்க. வளைஞ்சிருக்கா? மிஸ்ஸு குடுத்த படம் அதுதான் சார். கிராப் தாளும் பலூனும் ஒண்ணையே சொல்லுது.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அந்தத் தனி ஜோடி ரெண்டும் தடிச்சது. ஏன்னா, எச்சுக்குப் போற ஜோடிய ரெண்டு பக்கத்துலருந்தும் ரெண்டு அணு இழுத்துப் பிடிச்சிருக்கும், ஒல்லியா ஒடுங்கி நிக்கும். தனி ஜோடிக்கு ஒரு பக்கம்தான் பிடி. நீங்க மினி பஸ்ல போறதில்லயே, உங்களுக்கு எப்படித் தெரியும். ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்தவன் கையக் கால ஒடுக்கிக்கிட்டு இருப்பான். ஓரத்துல ஆள் இல்லாதவன் காலப் பரப்பி, பைய விரிச்சி, தோள அகட்டி, அப்படி ஒரு ராஜாங்கம். கண்டக்டர் கத்துவாவ. ஏ அண்ணாச்சி, தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, அந்தக்காவும் பிள்ளையும் நிக்கிறது தெரியலையா, சீட்ட வீட்லருந்து தூக்கிட்டா வந்திய? அந்த ரெண்டு தடியனும் தள்ளுத தள்ளுல எச்சு ரெண்டும் இன்னும் நெருங்கி, நூத்தி ஒம்பதரை இருந்தது நூத்தி நாலரைக்கி வந்துரும். அம்மோனியால ஒரே ஒரு தடியன், அதனால நூத்தி ஏழு. பரீட்சையில வரும் சார், அஞ்சு மார்க்கு.

கை வலிக்கா? இன்னும் கொஞ்ச நேரந்தான், விட்டுராதிய.

பியூன் அண்ணன் எட்டிப் பாக்காவ. ஒண்ணுமில்லண்ணே, சார் வேதியியல் படிக்காவ.

என்ன சார், போய்ச் செவுரப் பாக்கணுமா? போலாம், போலாம். நல்லதம்பி அண்ணாச்சிதான் அங்கன நிக்காவளே. இன்னொண்ணே ஒண்ணு மட்டும் பாத்துட்டுப் போங்க. உங்க சட்டப் பையில குத்தியிருக்கிற விழா பேட்ஜ்ல ஒரு ஊசி இருக்கும்லா? நான் எடுத்துக்கிடுதேன், நீங்க கைய எடுக்காதிய. பேர் எழுதாத பலூன்ல ஒண்ணு.

டப்.

பயந்துட்டியளா? இன்னொண்ணு.

டப்.

இப்ப பாருங்க கையில. எச்சும் எச்சும். எப்படி நிக்கிது? நேரா நிக்கிது. வாழ மரம் மாதிரி, துவாரபாலகர் மாதிரி, நீங்க சொன்ன மாதிரியே. நீங்க செவுத்துல வரையச் சொன்னது இதத்தான் சார். ரெண்டு பேர வெளிய தள்ளிட்டாத்தான் தண்ணி நேரா நிக்கும். ஆனா அது தண்ணி இல்ல. அத யாரும் குடிக்கவும் முடியாது, அதுல குளிக்கவும் முடியாது.

நான் யாரையும் குத்திக் காட்டல. பலூனத்தான் குத்துனேன். ஆனா விழா அழைப்பிதழ எடுத்துப் பாருங்க. கட்டடம் கட்டுனவர் பேரு இருக்கு, சேர் வாங்கிக் குடுத்தவர் பேரு இருக்கு, சாப்பாடு உபயம் இருக்கு. லேப்ல ஒவ்வொரு பாட்டிலா தொடச்சி லேபிள் ஒட்டுனவிய பேரு இல்ல.

ஏன் இம்புட்டு துள்ளுதேன்னு கேக்கிய. சொல்லட்டா? ஜூன் மாசம் மிஸ்ஸு கிளாஸ்ல நான் பின் பெஞ்சுலருந்து மிஸ்ஸு குரல்லயே பேசிட்டேன். பிள்ளைங்களா, புத்தகத்த மூடுங்க, இன்னிக்கி வீட்டுப்பாடம் கெடையாது. முப்பது பேரும் மூடிட்டாவ. எனக்கு நெஞ்சு தபால் ஆபீஸ் முத்திர குத்துத மாதிரி அடிக்கி. உங்க கிட்டன்னா அன்னிக்கே டீசி. எபனேசர் சார்ட்டன்னா மைதானத்தச் சுத்தி அஞ்சு ரவுண்டு. மிஸ்ஸு என்ன செஞ்சாவ தெரியுமா? சிரிச்சாவ. சிரிச்சிட்டு, நல்லாருக்கு முத்துசெல்வி, இதே குரல்ல அம்மோனியாவுக்கு ஏன் பிரமிடு வடிவம்னு சொல்லு, கேப்போம். நான் எங்க போவ? அடுத்த நாள் படிச்சிட்டு வந்து சொன்னேன். அதுக்கு அடுத்த நாள் மீத்தேன, பழ வியாபாரி குரல்ல. தண்ணிய, அருவி மைக் குரல்ல. இந்தப் பாடம் முழுசும் எனக்கு வாயில இருக்கு சார், மனப்பாடமா இல்ல, வாயில. சின்ன வயசுலருந்து எல்லாரும் வாய மூடுட்டின்னுதான் சொல்லிருக்காவ. இவிய ஒருத்திதான் இன்னொரு தடவ பேசுன்னு சொன்னாவ.

அழல. பலூன் ஊதுனதுல கண்ணுல தண்ணி. வளைஞ்ச தண்ணிதான்.

எங்க அம்மாவா? போன் போட்டியளா? அவ சீசன் நேரத்துல கடைய விட்டுட்டு வர மாட்டா சார். என்ன சொன்னா? நான் சொல்லட்டுமா? சார், அவ என்ன செஞ்சான்னு எங்கிட்ட கேக்காதிய, அவ செஞ்சிருந்தா அவளே சொல்லிருப்பா, கிலோ இருநூறு ரூவா, ஏ அம்மா பழத்த அமுக்காதம்மா. அதான? ஒரு வார்த்த மாறாம சொல்லிட்டேனா? அவட்டதான சார் நான் கத்துக்கிட்டேன், ஒரே நேரத்துல நாலு பேருட்ட பேசுறத.

கேக்குதா? பேண்டு சத்தம். வந்துட்டாவ போல. ஆலங்குளத்துலருந்து நல்லாத்தான் ஓட்டிருக்காவ.

இருங்க சார், ஓடாதிய. லெட்டர வாங்கிக்கிடுங்க. கையெழுத்து போட்டுட்டேன், நீங்க முடிச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்தியல்லா, அப்பவே போட்டுட்டேன். ரெண்டாவது வரிய அடிச்சிட்டு மொத வரிக்கி மட்டும். ஓரத்துல இரண்டு முறைன்னு சேத்திருக்கேன்.

ஆமா, ரெண்டு தடவ. சனிக்கெழம ஒண்ணு. இன்னிக்கி ஒண்ணு. இல்ல, இன்னிக்கி ரெண்டு, அப்ப மொத்தம் மூணு. பேனாவக் குடுங்க, திருத்திருதேன்.

எப்பன்னு கேட்டா? நான் வந்து ஒத்துக்கிட்டதும் என்னைய எங்கன உக்காத்தி வச்சிய? அந்த பெஞ்சுல, போன் மேசைக்கிப் பக்கத்துல. நல்லதம்பிட்டப் போய் நேராக்குன்னு சொல்லிட்டு அப்படியே பிரேயருக்குப் போயிட்டிய. உறுதிமொழி, குறள், செய்தி, ஜனகணமன, பதினஞ்சு நிமிஷம். பொம்பளப் பிள்ளைக்கி ஆம்பளக் குரல் வராதுன்னு அம்புட்டு நம்பிக்க உங்களுக்கு. அண்ணாச்சி செல்லுக்குப் போட்டேன். அவிய உஷாராத்தான் இருந்தாவ, நெசமாவே நீங்கதானா ஜார்னு கேட்டாவ. நான் உங்கள மாதிரியே வஞ்சேன். மூதேவி, என் குரல் தெரியாதாவே உனக்கு? உடனே நம்பிட்டாவ. ஜரி ஜார், இனிமேலாவது ஒரு முடிவுல நில்லுங்க ஜார். தண்ணி வளைஞ்சதாவே இருக்கட்டும், ஆக்சிஜன் தலையில ரெண்டு ஜோடி புள்ளி வை, நடுவுல நூத்தி நாலரைன்னு எழுதுன்னு சொல்லிட்டேன். ஒண்ணர மணி நேர வேலன்னாவ. அதான் உங்கள இங்கன உக்காத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். பலூன் ஊதுறதுக்கு எனக்கு இம்புட்டு நேரம் ஆகாது சார், அச்சன்புதூர் கோயில் கொடையில ஒரு நாளைக்கி எரநூறு ஊதுறவ நான்.

செவுத்துல கை வச்சிராதிய. எனாமல் பெயிண்டு, சாரல் வேற அடிக்கி, சாயங்காலம் வர ஈரம்தான்.

இன்னொரு போனா? அது நூர்நிஷா மிஸ்ஸுக்கு. பதினோரு மணிக்கி வந்துருங்க டீச்சர், பேராசிரியர் அம்மாவுக்கு அந்தப் படத்த நீங்கதான் விளக்கணும்னு நீங்க சொன்னிய. அந்தா ஜன்னல் வழியா பாருங்க, வாழ மரத்துக்குப் பக்கத்துல ஊதாச் சேல. நீங்க வருவியளான்னு இங்கனயேதான் பாத்துக்கிட்டு நிக்காவ.

இப்ப வெளிய போயி, இதெல்லாம் நான் சொல்லல, ஒரு பதினாறு வயசுக் குட்டி என் குரல்ல பேசி சனிக்கெழமலருந்து இந்தப் பள்ளிக்கூடத்த நடத்தியிருக்கான்னு வேதியியல் பேராசிரியர் முன்னால சொல்லணும்னா சொல்லுங்க. லெட்டர் உங்க கையில இருக்கு. டீசியும் எழுதுங்க, நான் இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கேன். இல்லன்னா, அந்தப் படமும் நீங்க சொன்னது, மிஸ்ஸக் கூப்பிட்டதும் நீங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சிட்டுப் போங்க, இல்லன்னா மாட்டிக்கிடுவிய. மிஸ்ஸுட்ட மன்னிப்பும் கேட்டுட்டிய. அதுதான் சார் கஷ்டமாப் போச்சி. நீங்க வஞ்சி கேட்டிருக்கேன், மைக்ல பேசிக் கேட்டிருக்கேன், தூங்கிக் கொறட்ட விட்டும் கேட்டிருக்கேன். நீங்க யாருட்டயும் மன்னிப்பு கேட்டு நான் கேட்டதே இல்ல. கேக்காத குரல நான் எப்படிப் பேச? நானா ஒண்ணு உண்டாக்கித்தான் பேசுனேன். மிஸ்ஸு, பரவால்ல சார், ரொம்ப நன்றி சார்னாவ. எனக்கு போன வைக்கவே கை வரல.

அதனால இனிமே நீங்கதான் என்னையப் பாத்துப் பேசணும். தொண்டையக் கமறாதிய. அதாகப்பட்டது போடாதிய. டீச்சர், நான் அவசரப்பட்டுட்டேன், தப்பு எம்மேலதான். அம்புட்டுத்தான் சொன்னிய. குரல மட்டும் கொஞ்சம் எறக்கிக்கிடுங்க சார், நான் எறக்கித்தான் பேசுனேன்.

அந்தப் பலூன எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க.